அறுபத்திரண்டு பெயர்களும் அறுபத்தொரு முகங்களும்

எனக்குப் பிறகு பெண்கள் விடுதிக்கு வார்டனாக வந்திருக்கிற பெண் போன மாதம் போன் செய்தாள். விடுதி வாசலில் முகத்தைப் பார்த்து வருகை பதிகிற கருவி மாட்டியிருக்கிறார்களாம்.

"இனிமே பேர் கூப்பிடுற வேலையே இல்லக்கா. நீங்க எப்படித்தான் இத்தன வருஷம் தெனமும் கூப்பிட்டீகளோ" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அது முகத்தப் பாக்குதுல்ல, நல்லதுதான்" என்று மட்டும் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவள் விடாமல் கேட்டதால் இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் பலரும் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்பதால் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் சாலையில், தறிச் சத்தம் ஓய்ந்து கரிசல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது கல்லூரி. லுத்தரன் திருச்சபை நடத்துகிற சின்னக் கல்லூரி. ஒரு ஆலயம், இரண்டு மாடிக் கட்டடங்கள், பெண்கள் விடுதி, சுற்றுச் சுவருக்கு வெளியே கண் எட்டும் வரை சீமைக்கருவேலம். படிக்க வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். சுற்றுக் கிராமங்களில் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளைகளும், டவுன் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகளும்தான். அவர்களும் காலையில் ஞானப்பாட்டு பாடுவார்கள், மாலையில் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு சாப்பிட வருவார்கள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

முந்தைய வார்டன் அம்மாவின் பின்னால் ஆறு மாதம் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து இந்த வேலையைக் கற்றேன். மற்றதெல்லாம் வேலையே கற்றுக் கொடுத்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு விடுதிக் கூடத்தில் ஜெபம். முடிந்ததும் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பெயர் படிப்பேன். "உள்ளேன் அம்மா" என்று பதில் வரும். கோடு போடுவேன். அடுத்த பெயர். அறுபத்திரண்டு பிள்ளைகள். நாலு நிமிடத்தில் முடிந்துவிடும். தலையை நிமிர்த்துவதே இல்லை. குரலை வைத்தே எல்லாரையும் தெரியும் என்பதில் எனக்குப் பெருமை. யாருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, யார் அழுதுவிட்டு வந்து நிற்கிறாள் என்பதைக்கூடப் பதிவேட்டைப் பார்த்தபடியே சொல்லிவிடுவேன்.

இன்னொரு வேலையும் என்னிடம் இருந்தது. கல்லூரி மாதம் ஒரு செய்தி மடல் அச்சடித்துப் பெற்றோர் எல்லாருக்கும் தபாலில் அனுப்பும். நாலு பக்கம். ஆலயத்தில் நடந்தது, விளையாட்டில் ஜெயித்தது, ஆசிரியர் வீட்டுக் கல்யாணம், பழைய மாணவர் மரணம். விடுதிப் பக்கத்தை எழுதுவது நான்.

பிரின்சிபால் சலோமி அம்மாவிடம் அந்த மடலைக் கொண்டுபோய் நிற்பதுதான் மாதத்திலேயே கடினமான நேரம். குரலை உயர்த்தவே மாட்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் கவிழ்த்து வைப்பார். அப்படி வைத்தால் நாம் சொல்வதைக் கேட்கத் தயார் என்று பொருள். திருப்பி எடுத்துக் கட்டிக்கொண்டால் பேச்சு முடிந்தது. மர ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து ஒவ்வொரு செய்தியாகப் படிப்பார். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி.

"யார் பாத்தது?"

பார்த்தவர் பெயரை ஓரத்தில் எழுதியிருக்க வேண்டும். 'சொன்னார்கள்', 'கேள்விப்பட்டேன்' எல்லாம் செல்லாது. "மிகுந்த உற்சாகத்துடன்" என்று எழுதிக்கொண்டு போனால், "உற்சாகத்த நீங்க பாத்தீங்களா, கை தட்டுனத பாத்தீங்களா?" என்று கேட்டு அடித்துவிடுவார்.

ஒரு வருடம் அக்டோபர் கடைசியில் சீர்திருத்தத் திருநாள் ஆராதனை முடிந்ததும், விடுதிப் பிள்ளைகளை ஆலயப் படிக்கட்டில் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். நான் அன்று சமையலறையில் சிக்கிக்கொண்டேன். அச்சுக்குப் போகும் அவசரத்தில், படத்துக்குக் கீழே போட வேண்டிய பெயர்களைப் பதிவேட்டைப் பார்த்து அப்படியே எழுதினேன். அறுபத்திரண்டு பெயர். "யார் பாத்தது?" என்ற கேள்வி வந்தபோது, "நான்தாம்மா" என்றேன். ஓரத்தில் கையெழுத்தும் போட்டேன். வேலையில் நான் சொன்ன பொய்களில் அது ஆகச் சின்னது என்றுதான் அப்போது நினைத்தேன்.

நவம்பர் நடுவில் சமையல் பொறுப்பைப் பார்த்த ராசாத்தி என்னிடம் வந்து நின்றாள். பிள்ளைகளின் தட்டுகளில் நம்பர் வெட்டியிருக்கும். அவரவர் தட்டை அவரவர் எடுத்துக் கழுவி வைக்க வேண்டும்.

"மேடம், முப்பத்தேழாம் நம்பர் தட்டு ரொம்ப நாளா நனையவே இல்ல. தூசி படிஞ்சு கெடக்கு."

முப்பத்தேழு, ஈஸ்வரி. பி.காம் இரண்டாம் வருடம். அருப்புக்கோட்டை நெசவுக் குடும்பம், வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். அமைதியான பிள்ளை. முந்தின நாள் மாலைகூடப் பெயர் கூப்பிட்டேன், பதில் வந்தது. யாரோடாவது ஒரே தட்டில் சேர்ந்து சாப்பிடுகிறாளாக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இருந்தாலும் மனதுக்குள் உறுத்தியது. பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருந்த நேரம் அவள் அறைக்குப் போனேன். கட்டில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. கொடியில் அவள் துண்டு தொங்கியது. தொட்டுப் பார்த்தேன். ஈரம். சோப்புப் பெட்டியில் சோப்பு ஈரமாக இருந்தது. சரி, இருக்கிறாள் என்று கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அவள் அப்பா வந்தார்.

வீரபத்திரன் என்று பெயர். விசைத்தறி ஓட்டுகிறவர். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர்களுக்கு உள்ள உரத்த குரல். பிரின்சிபால் அறையில் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். மேசை மேல் செய்தி மடல் பிரித்துக் கிடந்தது.

"இதுல எம் மக எங்கன இருக்கா? காட்டுங்க" என்றார் என்னைப் பார்த்து. "பேரு போட்டிருக்கு. ஆளக் காணோம். நாலு தடவ எண்ணிட்டேன். அறுவத்தோரு தலதான் இருக்கு."

குனிந்து பார்த்தேன். விரல் வைத்து எண்ணினேன். அறுபத்தொன்று.

"நேத்துச் சாயங்காலம் பேர் கூப்பிட்டேனே. பதில் சொன்னாளே" என்றேன்.

"நானும்தான் ஞாயித்துக்கெழம போன்ல பேசுனேன். தொண்ட கட்டியிருக்குன்னா. வீட்டுப் பாஷையிலதான் பேசுனா. ஆனா தம்பியப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. அவன் பேர எடுக்காம எம் மக போன வைக்க மாட்டா. அது அன்னைலருந்து உறுத்திக்கிட்டே இருக்கு. இன்னைக்கு இத பாத்தேன்."

பிரின்சிபால் அம்மா வணிகவியல் துறைக்கு ஆள் அனுப்பினார். மூன்று வாரமாக ஈஸ்வரி வகுப்புக்கு வரவில்லை, ஊரில் விசேஷம் என்று லீவுக் கடிதம் கொடுத்திருக்கிறாள் என்று பதில் வந்தது. வகுப்பில் அவள் வீட்டில் இருப்பதாக நினைத்திருக்கிறார்கள். வீட்டில் விடுதியில் இருப்பதாக நினைத்திருக்கிறார்கள். விடுதியில் தினமும் குரல் கேட்டிருக்கிறது.

அம்மா கடிகாரத்தைக் கழற்றவில்லை. எழுந்தார். "பிள்ளைங்க சாப்பிட வர்ற நேரம். கூடத்துல நிக்க வச்சுப் பேர் கூப்பிடுங்க. நிமிந்து பாத்துக் கூப்பிடுங்க" என்றார்.

அந்த மத்தியானத்தை என்னால் இன்றும் நிதானமாக நினைக்க முடிவதில்லை. மழைக்கு மூட்டம் போட்டு, பெய்யாமல் புழுங்கிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. வெளியே கருவேலங்காட்டில் ஒரு இலை அசையவில்லை. பிள்ளைகள் என்னவோ ஏதோ என்று வரிசையாக வந்து நின்றார்கள். வராந்தாவில் கம்பிக் கதவுக்குப் பின்னால் வீரபத்திரன். என் பக்கத்தில் பிரின்சிபால்.

படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். முப்பத்தாறாவது பெயர் பூரணி. ஈஸ்வரியின் அறைத் தோழி, அவளும் அதே தெருப் பிள்ளை. முன் வரிசையில் எனக்கு நேர் எதிரே நின்றாள். "உள்ளேன் அம்மா" என்றாள். முகத்தில் இரத்தம் இல்லை.

"ஈஸ்வரி" என்றேன்.

"உள்ளேன் அம்மா."

தெளிவான குரல். கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துச் சொல்கிற அவளுடைய அதே குரல். கூடத்தின் நடுவிலிருந்து வந்தது.

கம்பிக் கதவு படாரென்று திறந்தது. "அதான்! எம் மகதான்! ஏ ஈஸ்வரி!" என்று வீரபத்திரன் உள்ளே வந்துவிட்டார். வரிசைக்குள் புகுந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார். பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கடைசி வரிசை வரை போய்த் திரும்பி நின்றார். அவர் மகள் அங்கே இல்லை. யாருடைய உதடும் அசைந்ததாகத் தெரியவில்லை. அறுபத்தொரு பிள்ளைகள் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இப்பத்தான பேசுனா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அந்த உரத்த குரல் எங்கே போனது என்று தெரியவில்லை.

அவரை ஆலயப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு வந்து, பூரணியை என் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதவைச் சாத்தியதும் காலில் விழுந்துவிட்டாள்.

"நாந்தான் மேடம். சாயங்காலம் அவளுக்குப் பதில் நாந்தான் சொன்னேன். எனக்குச் சொல்ல முடியாத அன்னைக்கு வேற யாராச்சும் சொல்லுவாக. துண்ட நனைச்சுப் போட்டதும் நாங்கதான். போன்ல பேசுனதும் நான்தான். அவ அப்பாவுக்குத் தெரிஞ்சா போகவே விடமாட்டாரு மேடம்."

"எங்க போயிருக்கா?"

"அவ அம்மாவப் பாக்க."

அலமாரியைத் திறந்து ஈஸ்வரியின் விண்ணப்பத்தை எடுத்தேன். தாயின் பெயர்: ராமலட்சுமி. பக்கத்தில், வீரபத்திரனின் கையெழுத்தில், 'காலமானார்'.

அந்தத் தாளைப் பூரணியிடம் காட்டினேன். தலையை ஆட்டினாள்.

"அது அவ அப்பா எழுதுனது. அவுக சாகல மேடம். சண்ட போட்டுட்டு அவுக அக்கா வீட்டுக்குப் போயிட்டாக, பாலவனத்தத்துக்கு. அன்னைக்கே அவ அப்பா தலைமுழுகிட்டாரு. செத்துட்டான்னு தெரு பூராம் சொல்லிட்டாரு. படத்துக்கு மாலகூடப் போட்டிருக்கு. இப்ப நெசமாவே முடியல. வயித்துல கட்டி. பக்கத்துல இருந்து பாக்க ஆளில்ல."

பிரின்சிபால் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்துக் கேட்டார். முடிந்ததும் அதை எடுத்துக் கட்டவில்லை.

"யார் பாத்தது?"

"பூரணி சொல்றா..."

"நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. அதுக்கப்புறம்தான் அவருகிட்ட என் வாயத் தொறப்பேன். அதுவரைக்கும் அவரு இங்கயே இருக்கட்டும். சாப்பாடு குடுக்கச் சொல்லுங்க."

டவுனுக்கு வந்து விருதுநகர் பஸ் ஏறினேன். பாலவனத்தத்தில் இறங்கும்போது தூறல் விழுந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு அடியும் கனத்தது. கேட்டுக் கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஓட்டு வீடு. உள்ளே ஒரே ஜன்னல். கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து ஈஸ்வரி அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பில் வந்த முடியைச் சுருட்டிச் சுருட்டி மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள், குரலே வரவில்லை.

கட்டிலில் இருந்தவள்தான் பேசினாள். எலும்பு மட்டும் மிச்சமிருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"காலேஜுலருந்தா? பிள்ளைய வையாதீக. நான் வரச் சொல்லல. அதுவா வந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அவுக சொன்னது பொய்யாப் போவாதும்மா. இன்னும் பத்து நாளு. அம்புட்டுத்தான்."

'அவுக' என்று அவள் சொன்னது புருஷனைத்தான் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது.

நான்கு மணி வாக்கில் திரும்பினேன். பிரின்சிபால் அறையில் வீரபத்திரனை உட்கார வைத்திருந்தார்கள். மேசை மேல் கடிகாரம் இன்னும் கவிழ்ந்தே கிடந்தது.

"பாத்தத மட்டும் சொல்லுங்க" என்றார் அம்மா.

"ஈஸ்வரி நல்லா இருக்கா. பாலவனத்தத்துல இருக்கா. அவ அம்மாவுக்குத் தலை வாரிக்கிட்டு இருந்தா."

"அவளுக்கு அம்மா கெடையாது" என்றார் வீரபத்திரன். பழக்கத்தில் வந்த சொல்.

நான் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே போனேன். கட்டில். ஜன்னல். தரையில் பாதிக் கஞ்சியோடு ஒரு கிண்ணம். சீப்பில் வந்த முடி. போர்வைக்கு வெளியே தெரிந்த கை, அதில் தொளதொளவென்று இரண்டு கண்ணாடி வளையல். அடைமொழி ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. வீரபத்திரன் தலை குனிந்தபடியே கேட்டார். வளையலைச் சொன்னபோது நிமிர்ந்தார்.

"பேசுறாளா?"

"பேசுறாங்க. நீங்க சொன்னது பொய்யாப் போகாதுன்னாங்க. இன்னும் பத்து நாள்னாங்க."

வீரபத்திரன் எழுந்தார். கும்பிட்டுவிட்டு வெளியே போனார். மடலை எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் பாலவனத்தம் போனார். மறுநாளே போனார் என்று ஈஸ்வரி பிற்பாடு சொன்னாள். வாசலில் வெகுநேரம் நின்றாராம். பிறகு உள்ளே வந்தாராம். கட்டிலுக்குக் கீழே தரையில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டாராம். பத்து நாளும் தறிக்குப் போகவில்லை. பத்தாம் நாள் போகவேண்டியவள் பதினோராம் நாள் போனாள்.

அடக்கத்துக்குப் போனோம். கூட்டமே இல்லை. அருப்புக்கோட்டையில் யாருக்கும் சாவு சொல்லி அனுப்ப முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் செத்தவள் இன்னொரு தரம் செத்தாள் என்று யார் போய்ச் சொல்வது? வீரபத்திரன் தனியாக முன்னால் நடந்தார். பின்னால் ஈஸ்வரி, அவள் தம்பி, அக்கா வீட்டார் நாலு பேர், பிரின்சிபால், நான், பூரணி.

அந்த மாத மடலில் ஒரு வரி போட வேண்டும் என்றார் அம்மா. 'இரண்டாம் ஆண்டு மாணவி ஈஸ்வரியின் தாயார் காலமானார்.' ஓரத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். இந்த முறை நான் நேரில் பார்த்தது. பிள்ளையைக் கல்லூரியை விட்டு அனுப்பவில்லை. வராத நாளெல்லாம் வராத நாளாகவே பதிவேட்டில் திருத்தி எழுதப்பட்டது. திருத்தி எழுதியது நான்தான், பிள்ளைகள் முன்னால் நின்று, எல்லாரும் பார்க்க. எனக்கு அதுதான் தண்டனை. பூரணிக்கு அம்மா தண்டனை ஏதும் கொடுக்கவில்லை. கூப்பிட்டு ஒன்று மட்டும் கேட்டார்.

"அன்னைக்கு மத்தியானம் அவ அப்பா நிக்கும்போது பதில் சொல்ல உனக்கு எப்படித் துணிவு வந்துச்சு?"

"நான் சொல்லல அம்மா" என்றாள். "கம்பிக் கதவுக்குப் பின்னால அவரு நிக்கிறதப் பாத்துட்டேன். என் பேருக்குப் பதில் சொல்றதே பெரும்பாடாப் போச்சு. அதுக்கப்புறம் வாயே தொறக்கல."

அது உண்மை. ஈஸ்வரியின் பெயரைப் படித்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்தது எதிரே நின்ற பூரணியின் முகத்தைத்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகளைத் தனித்தனியாகக் கேட்டேன். மற்ற நாட்களில் சொன்னவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அன்றைக்கு நான் சொன்னேன் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. மறைக்க வேண்டிய காரணமும் அப்போது யாருக்கும் இல்லை. பிரின்சிபால் அம்மா இதைக் கேட்டு முடித்தார். கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் மட்டும் பெயர் கூப்பிடும் விதத்தை மாற்றிக்கொண்டேன். வரிசைக்குள் நடந்து, ஒவ்வொருத்தி முன்னாலும் நின்று, முகத்தைப் பார்த்துக் கோடு போட்டேன். நாலு நிமிட வேலை அரை மணி நேரமாயிற்று. ஓய்வு பெறும் வரை அப்படித்தான்.

காரியம் எல்லாம் முடிந்து ஈஸ்வரி விடுதிக்குத் திரும்பினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவிடமிருந்து போன் வரவில்லை. அவரே வந்துவிட்டார். பார்வையாளர் வராந்தாவில் அவளை வரச் சொல்லி நிற்க வைத்தேன். அவர் எழுந்து நின்றார். பக்கத்தில் போகவில்லை.

"மேடம், ஒரு தடவ அவ பேரக் கூப்பிடுங்களேன்" என்றார்.

எனக்குப் புரிந்தது. பதிவேடு இல்லாமலே கூப்பிட்டேன்.

"ஈஸ்வரி."

"உள்ளேன் அம்மா" என்றாள். அழுது அழுது கரகரத்துப்போன குரல்.

அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்து மூடும் வரை பார்த்தார். பிறகு "சரி" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டார்.